விசிறி வைத்த ஹார்மோனியம்: பழைய கார்ட் ஆர்கன் வாங்கலாமா?

கேள்வி: பழைய சாமான் விற்கும் இடத்தில் மேக்னஸ் எலெக்ட்ரிக் கார்ட் ஆர்கன் ஒன்றைப் பார்த்தேன். மேசை மேல் வைக்கும் அளவு, இடப்பக்கம் பொத்தான்கள், கட்டைகளுக்கு மேலே எண்கள். “லேசா சர்வீஸ் பண்ணினா போதும்” என்கிறார் விற்பவர். ஆனால் பிளக்கில் செருகிக் காட்டவில்லை. மகள் கீபோர்டு பழக வாங்கலாமா?

பதில்: செருகிக் காட்டாதவரை அதை ஓடாத பொருள் என்றே வைத்து விலை பேசுங்கள்.

எலெக்ட்ரிக் என்ற பேரைப் பார்த்து உள்ளே மின்னணுச் சமாச்சாரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த மேசை ரகத்தில் மின்சாரம் செய்கிற ஒரே வேலை விசிறியைச் சுற்றுவது. அந்தக் காற்று ரீடுகள், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய நாக்குகள், வழியாகப் போய் ஒலி எழுப்புகிறது. துருத்திக்குப் பதில் விசிறி வைத்த ஹார்மோனியம், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் சில ரீடுகள் சேர்ந்தாற்போல் திறந்து ஒரு கார்ட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள், கேட்கும். 1950-ல் வந்த ஹாமண்ட் கார்ட் ஆர்கன் வேறு சாதி. அது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த மின்னணுக் கருவி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கலாம், தெரியாதவர்கள் திறக்கக்கூடாது.

முதலில் பின்பக்க லேபிளைப் படியுங்கள். மேக்னஸ் அமெரிக்கத் தயாரிப்பு; 110–120 வோல்ட் என்று போட்டிருந்தால் 220–240 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் மோட்டார் போய்விடும். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஒலியும் சற்று தணியும். வயரின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றாமல் செருகவே கூடாது.

சரி, ஓடுகிறது என்றால் எதையும் அழுத்தாமல் சற்று நேரம் கேளுங்கள். விசிறி இரைச்சல் இருக்கும், அது பிறவிக் குணம். அதோடு ஒரு சுரமும் கேட்டால் ஏதோ ஒரு ரீடின் காற்றுத் துளை மூடி சரியாக உட்காரவில்லை. அப்புறம் கறுப்புக் கட்டைகளையும் விடாமல் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒன்று தயங்கித் தயங்கிப் பாடினால் பெரும்பாலும் ரீடில் தூசி. ஒரு கட்டையைப் பிடித்தபடி கார்ட் பொத்தானை அழுத்தும்போது ஒலி அடியோடு அமுங்கிப் போனால் எங்கோ காற்று கசிகிறது; ஓரத்தில் ஒட்டிய ஸ்பாஞ்ச் பொடிந்திருக்கலாம். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் எண்ணெய் இறுகியிருக்கலாம். அது சின்ன வேலை. கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது சுருதி. செல்போனில் ஒரு டியூனர் செயலி போதும். எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் தனியாக வாசிக்கத் தடையில்லை. ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடந்தால் விட்டுவிடுங்கள். உலோக ரீடு என்றால் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஹார்மோனியம் பழுது பார்ப்பவருக்குக் கைவந்த வேலை. பிளாஸ்டிக் ரீடு ஒடிந்தால் இன்னொரு பழைய ஆர்கனிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும்.

மகளுக்கு? வேண்டாம். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். பொத்தானில் இருக்கும் கார்டுகளைத் தாண்டி இடக்கைக்கு வேலை இல்லை, ஹெட்போனும் மாட்ட முடியாது. அந்த மூச்சு வாங்கும் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்களுக்கென்று வாங்குங்கள்.

கேள்வி: என் ஆர்கனில் ஒரு கட்டை தொடாமலே ஓயாமல் பாடுகிறது. டபிள்யூடி-40 ஸ்பிரே எண்ணெய் அடிக்கலாமா?

பதில்: அடிக்கவே அடிக்காதீர்கள். எண்ணெய் ரீடில் இறங்கினால் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்கனின் வெளிமூடியைக் கழற்றுங்கள். அந்தக் கட்டையின் ஸ்பிரிங் நழுவியிருக்கிறதா, காற்றுத் துளையை மூடும் ஃபெல்ட் (கம்பளி) துணி பூச்சி அரித்தோ பசை விட்டோ கிடக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவதே பல சமயம் போதும்.

கேள்வி: “அபூர்வமான ஆன்டிக்” என்று ஒருவர் ஏகப்பட்ட விலை சொல்கிறார்.

பதில்: வீட்டில் வாசித்துப் பொழுதுபோக்க ஏராளமாகச் செய்து விற்ற பொருள் இது. பழசுதான், அபூர்வம் இல்லை. எல்லாக் கட்டையும் சுருதியோடு பாடுகிறதா, பேரம் பேசுங்கள். இல்லையா, நடையைக் கட்டுங்கள்.