ஒன்பதாம் வகுப்பு மகளுக்குச் சாரா மாறி, சார்ந்த மாறி, வரைபடம் எல்லாம் எப்படிப் புரியவைப்பது?

மகள் வரையறையைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் ஒரு சோதனையைக் கொடுத்து இதில் சாரா மாறி எது என்றால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்யவைத்திருப்பார்கள், வேறென்ன. கொஞ்ச நாள் வரையறையை ஒதுக்கிவையுங்கள். ஒரு நூலும் ஓர் இரும்பு நட்டும் போதும்.

என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். கதவு நிலையில் ஆணி, அதில் நூல், நுனியில் நட்டு. "இதுல எதையெல்லாம் மாத்தலாம், நீயே சொல்லு" என்றேன். நூலின் நீளம், நட்டின் எடை, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்று மூன்று சொன்னாள். சரி, மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், ஆடும் நேரம் எதனால் மாறியது என்று எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் நட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஒண்ண மட்டும்தான் மாத்தணும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நம் கை மாற்றுவது சாரா மாறி, அது எக்ஸ் அச்சில். கடிகாரம் சொல்வது சார்ந்த மாறி, அது ஒய் அச்சில். மற்ற இரண்டும் கடைசிவரை அசையக் கூடாது. (பொருளாதாரத்தில் விலையை ஒய் அச்சில்தானே போடுகிறார்கள் என்று யாராவது வருவார்கள். தெரியும், அது பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து வரும் வழக்கம். நான் பேசுவது அறிவியல் செய்முறையைப் பற்றி.)

வரைபடம் எதற்கு என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. பிளஸ் ஒன்னில் இதே ஊசல் சோதனை. 60, 70, 80, 90, 100 செ.மீ. நீளங்களில் 20 அலைவுக்கான (ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) நேரத்தை எடுத்து, அலைவுக்காலத்தின், அதாவது ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தின், வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். நான்கு புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்துவிட்டன, 80 செ.மீ. புள்ளி மட்டும் கீழே கிடந்தது. 34.1 விநாடி என்று அட்டவணையில் இருந்தது. ஆசிரியர் வந்து பார்த்தார், அழித்துவிட்டுக் கோட்டுமேல் வை, அட்டவணையிலும் மாற்றிவிடு, இல்லாவிட்டால் மதிப்பெண் போகும் என்றார். அழித்தேன். வரைபடத்தாளில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இருபது வருடம் கழித்து என் மகள் நட்டை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தாள். அப்படி எண்ணினால் 20 என்று சொல்லும்போது ஊசல் 19 முறைதான் ஆடியிருக்கும். 80 செ.மீ.க்கு 20 அலைவு சுமார் 35.9 விநாடி, 19 என்றால் 34.1. அதே எண்! அந்தப் புள்ளி தப்பே இல்லை, எங்கே தப்பு நடந்தது என்று காட்டத்தான் அது கீழே நின்றிருக்கிறது, நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம். எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. ஆனால் விடை முன்பே தெரியும் என்பதால் ரீடிங்கை அதற்கேற்பத் திருத்துவது ஊரெங்கும் நடக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். அன்று எண்ணியது நான் இல்லை. எங்கள் குழுவில் ஆறு பேர், ஸ்டாப் கிளாக் எப்போதும் பையன்கள் கையில். பெண்கள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அட்டவணை போடவும் கோடு வரையவும் எங்களை உட்காரவைத்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கடிகாரத்தை நான் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

நீளத்தை ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை அளக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தை மகளிடம் கொடுத்துவிட்டு அட்டவணையை நீங்கள் எழுதுங்கள்.