உராய்வே இல்லாவிட்டால் எல்லாம் மிச்சம்தானே?

"உராய்வு இல்லாத உலகம் இருந்தால் பெட்ரோல் மிச்சம், டயர் மிச்சம், எந்திரமும் தேயாது. நன்றாகத்தானே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் 18 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். பேரிங்குக்கு கிரீஸ் வைத்தே பாதி ஆயுள் போயிற்று. உராய்வைத் திட்ட எனக்குத்தான் முதல் உரிமை. ஆனாலும் சொல்கிறேனுங்க, டயர் மிஞ்சுவது இருக்கட்டும், நீங்கள் போட்டிருக்கும் சட்டை மிஞ்சாது.

விளக்குக்குத் திரி போடும் பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்து இழுத்துப் பாருங்கள். சத்தமே இல்லாமல் பிரிந்து வந்துவிடும். அதையே விரலில் நன்றாகத் திரித்துவிட்டு இழுங்கள். விரல்தான் சிவக்கும், லேசில் அறாது. பருத்தி இழை ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர்தான் நீளம். நூலில் பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. முறுக்க முறுக்க இழைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன, நெருக்கம் கூடினால் உராய்வும் கூடும், அவ்வளவுதான் சங்கதி. இழுத்தால் பிடி தளர வேண்டும் என்றுதானே நினைப்போம்? முறுக்கிய நூலை இழுத்தால் இன்னும் இறுகுகிறது.

மில்லில் நூலாவதற்கு முன் சிம்ப்ளெக்ஸ் என்ற எந்திரத்தில் இருந்து ரோவிங் என்ற தடித்த பஞ்சுத் திரி வரும். அதில் முறுக்கு பேருக்குத்தான் இருக்கும். அடுத்து நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் எந்திரத்தில் அதை இழுத்து மெலிய வைக்க வேண்டும், அதனால் இழைகள் நழுவ இடம் விட்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் கயிறு மாதிரி இருக்கிறதே என்று பிடித்து இழுத்துவிட்டு, கையில் பஞ்சோடு முழிப்பான். நானும் முழித்தவன்தான்.

அதே ரிங் ஃபிரேமில்தான் எங்கள் எதிரியும் இருந்தான். டிராவலர் என்று நகத்துண்டு அளவில் ஒரு வளைந்த கம்பி. நூலை இழுத்துக்கொண்டு ரிங்கின் மேல் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். உராய்ந்து சூடாகித் தேய்ந்துபோகும். நூலைச் சுற்றும் ஸ்பிண்டிலின் (கதிர்) வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாமல் தடுப்பது பெரும்பாலும் இந்தப் பொடியன்தான்.

பாடப்புத்தகக் கணக்கு சின்னதுதான். இரண்டு பரப்புகளை அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் (அந்த இரண்டும் எவ்வளவு பற்றும் என்று காட்டும் எண்) பெருக்கினால் உராய்வு விசை. அதில் பரப்பளவுக்கு இடமே இல்லை. 1699இல் அமோன்டான் என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் சொன்னார். ஈரோட்டு குடோனில் மஞ்சள் மூட்டையைப் படுக்கப்போட்டு இழுத்தாலும் நிற்கவைத்து இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே பாடுதான். வழவழப்பான தரையும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். மேட்டு நுனிகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன, எவ்வளவு தொடும் என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. மூட்டை அசையும் வரைதான் மூச்சு வாங்கும், நகர ஆரம்பித்துவிட்டால் சுளுவு. நிலை உராய்வைவிட இயக்க உராய்வு பொதுவாகக் குறைவு.

உராய்வு பற்றாமல் போன இடம் பார்க்க வேண்டுமா? மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறுங்கள். கல்லாறு தாண்டினால் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. அதுவும் எஞ்சின் தன் எடைக்குக் கிடைக்கும் பிடியை வைத்துப் பெட்டிகளையும் சேர்த்து மேலே தள்ள வேண்டும். அதனால்தான் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம், அதைக் கவ்வி ஏற எஞ்சினில் பல் சக்கரம்.

பெட்ரோல் விஷயத்தில் உங்கள் கவலை நியாயம்தான். அதற்கு உராய்வை ஒழிக்க வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை டயரில் காற்று பாருங்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலில் பெட்ரோலின் ஆற்றல் வீணாகச் சூடாக மாறுகிறது. ஓட்டிவிட்டு வந்ததும் டயரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.