சீசன் ஊசியை எப்போது போடுவது? கேள்வி பதில்

தடுப்பூசி மையங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஃப்ளூ பற்றித்தான்.

ஃப்ளூ ஊசியைச் சீக்கிரம் போட்டால் சீசன் முடிவதற்குள் சக்தி குறைந்துவிடுமாமே டாக்டர்? கடைசி நேரம் வரை பொறுக்கலாமா?

குறையும் என்பது உண்மைதான். மாதம் போகப் போகப் பாதுகாப்பு இறங்கும். ஆனால் ஊசி போட்டபின் உடம்பு தயாராக ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். ஊரெல்லாம் இருமத் தொடங்கிய பிறகு வந்தால், அந்த 2 வாரமும் பாதுகாப்பில்லாமல்தான் இருப்பீர்கள். குளிர் நாடுகளில், வட அரைக்கோளத்தில், செப்டம்பர், அக்டோபர் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். வெப்பமண்டலத்தில் ஃப்ளூ மழைக்காலத்தில் பெருகலாம், சில இடங்களில் வருடம் முழுக்கவும் சுற்றும். அங்கே குளிர் நாட்டுக் காலண்டரைப் பார்த்துப் பயனில்லை. உங்கள் பகுதியில் எப்போது பெருகும் என்று கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் போடுங்கள். இன்னொன்று: "சரியான வாரம் வரட்டும்" என்று திரும்பிப் போனவர்களில் பலரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

சீசன் பாதி போய்விட்டது. இனி வீண்தானே?

இல்லை. ஃப்ளூ வைரஸில் ஏ, பி என்று வகைகள் உண்டு. ஏ வகை ஓய்ந்தபின் பி வகை தலைகாட்டுவது அடிக்கடி நடப்பதுதான். போடுங்கள்.

போன வருஷம் ஊசி போட்ட மறுநாளே அம்மாவுக்குக் காய்ச்சல். ஊசிதான் ஃப்ளூவைக் கொடுத்தது, இனி வேண்டாம் என்கிறார்.

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஃப்ளூ வர வழியில்லை. ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் கைவலியும் வரலாம். அல்லது முன்பே தொற்றியிருக்கலாம். ஃப்ளூ தொற்றியபின் அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள் ஆகும். ஆனால் அம்மாவிடம் "எல்லாம் உங்கள் கற்பனை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். "ஆமாம், வந்தது" என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் மீதியைக் காது கொடுத்துக் கேட்பார்.

போட்டவர்களுக்கும்தான் வருகிறது. அப்புறம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஊசியில் சேர்த்த வைரஸ் திரிபு (வைரஸின் மாறிய வடிவம்) ஊரில் சுற்றும் திரிபோடு நன்றாகப் பொருந்திய வருடங்களில், டாக்டரிடம் போகும் அளவுக்கு வரும் ஃப்ளூவை இந்த ஊசி 40 முதல் 60 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். எந்தத் திரிபுகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள். அதற்குச் சுமார் 6 மாதம் ஆகும், அதற்குள் வைரஸ் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பு குறைகிறது. ஃப்ளூ தொடர்பான மூச்சுக்கோளாறுகளால் உலகில் வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் இறக்கிறார்கள் என்பதால் இந்தப் பாதிப் பாதுகாப்பும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "போட்டால் வரவே வராது" என்று எங்கள் ஆட்கள் சிலர் சொன்னதுதான் நம்பிக்கையைக் கெடுத்தது.

1976-இல் அமெரிக்காவில் ஃப்ளூ ஊசித் திட்டத்தையே நிறுத்தினார்களாமே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

நிறுத்தினார்கள். பன்றிக் காய்ச்சல் பெரிதாக வரும் என்று பயந்து 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். அது வரவில்லை. ஆனால் கில்லன் பாரே என்ற நரம்புக் கோளாறு, போட்டவர்களில் லட்சத்துக்குச் சுமார் ஒருவருக்குக் கூடுதலாக வந்தது. இன்றைய சீசன் ஊசிகளில் அப்படி ஏதும் கூடினாலும் 10 லட்சத்துக்கு ஒன்றிரண்டுதான். ஃப்ளூ வந்தாலும் அதே கோளாறு வரலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விருப்பம் இருக்கிறது, ஆனால் மையம் வேலை நேரத்தில் மட்டும்தான் திறந்திருக்கிறது. எங்களைத் "தயங்குபவர்கள்" என்கிறார்கள்.

அது தயக்கமே இல்லை. ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தால் குப்பைதான். அதனால் எல்லா இடத்திலும் வைக்க முடியாது. ஆனால் மாலையில் திறப்பதற்கும் வேலையிடத்துக்கே குளிர்பெட்டியோடு வருவதற்கும் அது தடையில்லை. நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

ஆர்.எஸ்.வி. ஊசியும் வருடா வருடமா?

இல்லை. ஆர்.எஸ்.வி. என்பது மூச்சுப்பாதையைத் தாக்கும் வேறொரு வைரஸ். 2023-இல் முதலில் அனுமதி பெற்ற அந்த ஊசி, முதியவர்களுக்கு இப்போதைக்கு ஒரே டோஸ்தான்.

என் 2 வயதுக் குழந்தைக்கு முதல் ஃப்ளூ ஊசி இது. ஒன்று போதுமா?

முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 டோஸ். அதனால் பெரியவர்களைவிட ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.