பள்ளி விட்டபின் நடன வகுப்பு, வழிதவறும் பையனை மாற்றுமா?

வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் மாலையில் கூடாத சேர்க்கையோடு திரிகிறான், நடன வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள்.

பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை, ஏன் என்று கேட்க ஆளில்லாத அந்த மூன்று மணி நேரம்தான் சிக்கல். வகுப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. அதைவிட, குழு நடனத்தில் ஒருவன் வராவிட்டால் வரிசையில் ஓட்டை விழும்; "நேற்று எங்கே போனாய்?" என்று கேட்க ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். புளியந்தோப்பில் ஒரு மொட்டைமாடி வகுப்பில் பார்த்தேன்: வீட்டில் யார் பேச்சுக்கும் அடங்காத பையன், முழங்கை சிராய்த்தும், ஒரே சுழற்சியை இருபது தடவை செய்துகொண்டிருந்தான்.

பரதம்தான் என்றில்லை, பறையாட்டம், ஒயிலாட்டம், எதுவும் சரி. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஏழைப் பிள்ளைகள் ஆடிய பிரேக் டான்ஸ், 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனதே! கட்டணம் இடித்தால் பிள்ளைகளுக்குக் கலைகள் கற்றுத்தரும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள்.

போதைப் பழக்கம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் நடனம் மட்டும் போதாது, மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். இன்னொன்று: மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.