அம்பு தீர்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி: பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் குதிரைவீரர்கள் ஓடிக்கொண்டே அம்பெய்து ரோமானியரை வென்றார்களாம். கேடயத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, அம்பு தீரும்வரை காத்திருந்தால் போதாதா?
– திண்டிவனம் வாசகர்

பதில்: ரோமானியத் தளபதி கிராசசும் அப்படித்தான் கணக்குப் போட்டார், கி.மு. 53இல் காரே போர்க்களத்தில் (இன்றைய துருக்கியின் ஹரான்). ஆனால் பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகம் ஒட்டகமாக அம்புக்கட்டுகளை ஏற்றிவந்திருந்தார். தூணி காலியானவன் பின்னால் போய் நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவான்.

கேடயமும் பெரிதாக உதவவில்லை. அம்பு அதைத் துளைத்துப் பிடித்த கையையும் சேர்த்துத் தைத்தது. பாதங்களைத் தரையோடு தைத்தது. கலைந்து நிற்கலாமே என்றால், இரும்புக் கவசமணிந்த 1,000 குதிரைவீரர்கள் நீள ஈட்டியோடு பாயத் தயார். நெருக்கமாக நின்றால் அம்பு, கலைந்து நின்றால் ஈட்டி. சரி, துரத்தினால்? கிராசசின் மகன் 1,300 குதிரைவீரர், 500 வில்லாளர், கூடவே காலாட்படையோடு துரத்தினான். பெரும்படையை விட்டு வெகுதூரம் வந்ததும், ஓடியவர்கள் திரும்பி வளைத்துக்கொண்டார்கள். அவன் தலை மட்டும் ஈட்டி முனையில் தந்தையிடம் வந்தது.

பார்த்தியரையும் அடிக்க முடியும். கி.மு. 38இல் ரோமானியத் தளபதி வென்டிடியஸ் மேட்டில் பாளையமிறங்கி, அவர்களைச் சரிவில் ஏறிவர வைத்தார். மேட்டில் ஏறும் குதிரைக்கு வேகம் ஏது? கவண்கற்கள் மிச்ச வேலையைப் பார்த்தன.

கேள்வி: மராட்டியரின் 'கனிமி காவா' என்ற கெரில்லாப் போர்முறையும் இதே உத்திதானா?
– வந்தவாசி வாசகர்

பதில்: பாதிதான். மராட்டியர் வில்லை நம்பியவர்கள் அல்லர். அவர்கள் குறிவைத்தது சிப்பாயை அல்ல, அவன் சோற்றை. உங்கள் வட்டாரமே சாட்சி. 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் மராட்டியர் வசமிருந்த செஞ்சியை முற்றுகையிட்டார். 1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்தார்கள். கோட்டையை மீட்க முட்டி மோதவில்லை. காஞ்சிபுரத்தின் முகலாய அதிகாரி அலிமர்தான் கானைச் சிறைபிடித்தார்கள். தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். பசி தாங்காமல் முற்றுகைப்படை உங்கள் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. செஞ்சி விழ 1698 ஆகிவிட்டது.

கூடாரமும் பீரங்கியும் இல்லாத வரைதான் இந்த ஆட்டம் செல்லும். 1760இல் பானிபட்டுக்குப் போன மராட்டியப் படை கனரகப் பீரங்கிகள், குடும்பங்கள், யாத்திரிகர்கள் என்று ஊரையே இழுத்துக்கொண்டு போனது. ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி தெற்கே போகும் வழியை அடைத்துவிட்டு, காத்திருந்தார். இரண்டரை மாதத்தில் தானியம் தீர்ந்தது. 1761 ஜனவரி 14 அன்று பட்டினியோடுதான் போருக்கு இறங்கினார்கள்.