வால்பாறை மழைக்கு டபிள்யூபிசி கதவு தாங்குமா?

தாராளமாகப் போடலாம். மரத்தூளும் பிவிசி பிளாஸ்டிக்கும் கலந்து செய்வதால், ஆடி மழையில் மரக்கதவு மாதிரி உப்பி நிலைச்சட்டத்தில் சிக்காது, கரையானும் அரிக்காது.

ஆனால் அளவு எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கதவு பொள்ளாச்சியிலிருந்து வருவதென்றால் சுமார் 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. அரை அங்குலம் தப்பினால் இன்னொரு வண்டி வாடகை. பழைய எஸ்டேட் வீடுகளில் சுவர் நேராக இருக்காது. அதனால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரம் சரியா என்று மூலைக்கு மூலையும் நூல் பிடித்துப் பாருங்கள்.

வண்டியில் சாய்த்துக் கட்டாமல் பலகைமேல் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் வளைந்துவிடும். நிலையைத் தூக்குக்குண்டு வைத்து நிறுத்துங்கள். கீலுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூதான். சாதா இரும்பு இந்த ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் சின்னத் துளை போட்டுவிட்டு முறுக்குங்கள். ஸ்க்ரூ பிடிப்பு தேக்கு அளவுக்கு வராது என்பதால் மூன்று கீலுக்குப் பதில் நான்கு போடச் சொல்வேன்.

யானைக்கு எந்தக் கதவும் தாங்காது. அரிசி வாசனைக்கு அது வரும், மூட்டையைக் கதவோரம் வைக்காதீர்கள்.