இரத்தப் புற்றுநோய்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு செவிலியர் பதில்

கோத்தகிரி வாசகி: அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று போன மாதம்தான் தெரிந்தது. முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிறது. மலைக்குளிர் என்று கம்பளி போர்த்தி, பாராசிட்டமால் கொடுத்தோம். சரியா?

பதில்: கம்பளி சரி. மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் அம்மா. கீமோவுக்குப் பிறகு, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது கிருமி புகுந்தால் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அதையும் மாத்திரை மறைத்துவிடுகிறது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். காய்ச்சல் இல்லாமல் இப்படி நடுக்கம் மட்டும் வந்தாலும் அவசரம்தான். சூடாக டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து வாயில் வையுங்கள். அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும்.

விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். டாக்டருக்கு போன் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் 108. கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும் என்றில்லை. முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. வாசலிலேயே "கீமோ போட்டவர், காய்ச்சல்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள்ளேயே அவ்வளவு நேரம் போய்விடும்.

குன்னூர் வாசகர்: மனைவிக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது.

பதில்: ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் வாங்கிக் கொடுங்கள். வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் சிட்டிகை போட்டு, சாப்பிட்டதும் கொப்பளிக்கட்டும். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது; இடுப்பில் ஊசியும் வேண்டாம். மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தலைவலி மண்டையைப் பிளந்தாலோ உடனே கிளம்புங்கள்.

உதகை வாசகி: தம்பிக்கு எங்கள் தோட்டத்து கேரட், ஸ்ட்ராபெர்ரி கொடுக்கலாமா?

பதில்: கேரட்டை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஸ்ட்ராபெர்ரியைத் தோல் உரிக்க முடியாது, இப்போதைக்கு வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு நல்லது. தோட்டத்தில் மண் கிளற அவரை விடாதீர்கள். அப்புறம் ஒன்று: மழைக்காலத்தில் சுவரில் கறுப்பாகப் பூக்கும் பூசணம் இவர்களுடைய நுரையீரலுக்கு ஆபத்து. ஈரமில்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது சுவரைச் சுரண்டாதீர்கள்.

கூடலூர் வாசகர்: நோயாளியின் பக்கத்தில் பேரன் போகலாமா?

பதில்: தாராளமாக. இந்த நோய் ஒட்டாது. கை கழுவிவிட்டு வரட்டும். பேரனுக்குச் சளி, இருமல், அம்மை ஏதாவது இருந்தால் மட்டும் வேறு வீட்டில் இருக்கட்டும்.